ஃபிரீசரில் பன்னிரண்டு பாக்கெட்

"அப்பா சவப்பெட்டி கிளம்புறதுக்குள்ள இதெல்லாம் வெளியே போகணும். பதினாறு நாளைக்கு வீட்ல கவுச்சி ஆகாது லா," என்று சொல்லிக்கொண்டே குரு ஃபிரீசரைத் திறந்து, அப்பா புகை போட்ட மீன் பாக்கெட்டுகளைப் பையில் அள்ளிப் போட்டான். பன்னிரண்டு இருந்தன. அவன் மனைவி ஜனகா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் நெற்றிக் காசோடு கிடந்த குருவின் அப்பா பக்கிரிசாமியின் கெளுத்தி மீனுக்கு மலேசியக் கிள்ளானில் அந்தத் தெருவே அடிமை. தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி, பாக்கெட்டில் காற்றை உறிஞ்சி ஒட்டி, தேதி எழுதி உறைய வைப்பார். உருகியதைத் திரும்ப உறைய வைக்காதே, குப்பையில் போடு என்று தினம் ஒரு தடவையாவது சொல்லுவார்.

போன வாரம் ஜனகா மாவரைக்க ஃபிரீசர் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்ப மாட்ட மறந்துபோனாள். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் கொழகொழத்துக் கிடந்தது. கிழவர் வாயில் யார் விழுவது? சத்தமில்லாமல் பிளக்கை மாட்டினாள். மறுநாள் மீன் கல்லாகிவிட்டது. கெட்டிக்காரி!

சனிக்கிழமை கிழவர் பியருக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பாக்கெட் எடுத்தார், சுட வைக்காமலே தின்றார். ஞாயிறு காலை இமை தொங்கியது, நாக்கு குழறியது.

"காலையிலேயே ஊத்தியாச்சா?" என்று சிரித்தான் குரு. அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். சாயங்காலம் அவருக்கு மூச்சு இழுத்தபோதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "பாக்கெட்ல அடைச்ச மீன், இறைச்சி ஏதாச்சும் சாப்பிட்டாரா? அதுல ஊறுற விஷம்னா மாற்று மருந்து இருக்கு."

குரு ஜனகாவைப் பார்த்தான்.

"இல்ல டாக்டர், சோறு ரசம்தான்," என்றாள் அவள்.

இரண்டு நாள் மெஷின் மூச்சு விட்டது. பிறகு அதையும் நிறுத்தினார்கள். காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் மாமனாரைத் தாங்கு தாங்கென்று தாங்கின மருமகள் என்று அவள் கையைப் பிடித்து அழுகிறார்கள். ஜனகாவுக்குச் சாவை விட அதுதான் பயமாக இருந்தது.

இருவரும் பையைக் கொல்லைக்குத் தூக்கி வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மார்க்கிரட் ஆன்டி வந்து நின்றாள். அவள் வீட்டுக்குத் தீட்டில்லை.

"எல்லாமே எனக்கா? நாளைக்குத்தான் பூச்சோங்ல இருந்து பேரப்பிள்ளைங்க வராங்க."

"ஆன்டி..." ஜனகா பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். "நல்லா கொதிக்க வச்சு சாப்பிடுங்க."

"பக்கிரி அண்ணன் மீனையா? பாவம் லா! அப்படியே பிச்சு வெங்காயத்தோட தின்னணும்மா."

குரு திரும்பினான். "ஏன் கொதிக்க வைக்கணும்?"

கூடத்தில் ஒப்பாரி ஒரு கணம் ஓய்ந்திருந்தது. பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"சும்மாதாங்க சொன்னேன்."

பை கனமாக இருந்தது. ஆன்டியால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஜனகா அடியில் கை கொடுத்து வேலிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.