மினுக்குத் தூளும் மார்லிஸின் முறையும்

1

இந்தக் கதை அமெரிக்காவின் துலூத் நகரில், எங்கள் தெருவில், ஒரு சமையலறை சிங்க்கில் கிடைத்தது. பக்கத்து வீட்டு விருந்து முடிந்ததும் கோப்பைகளைக் கழுவ ஒத்தாசைக்குப் போனேன். பொன்னிறத் தூள் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் என் காது மின்னுகிறது என்றார்கள். தின்னக்கூடிய மினுக்குத் தூள் அது. மதுவில் கலந்தால் கோப்பைக்குள் சுழன்று சுழன்று ஒளிரும். கதையில் வரும் சீட்டாட்டத்தையும் ஓடிப்போன கணவனையும் நான்தான் சேர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் கணவர் சௌக்கியமாக இருக்கிறார்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஜனவரியின் வெள்ளைத் தனிமையில் மார்லிஸ் ஜன்னலோரம் நின்று—

வேண்டாம். கணவன் விட்டுப்போன பெண்ணை எல்லாரும் ஏன் ஜன்னலோரமே நிறுத்துகிறோம்? அவளுக்கு வேறு வேலை இல்லையா?

இரண்டாவது முயற்சி: மார்லிஸ் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தபோது லவோன் போன் செய்தாள்.

இது தேவலை. மார்லிஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. லவோன், அவள் கணவன் கோர்டி உட்பட நான்கு தம்பதிகள், மாதம் ஒருவர் வீட்டில் கூடிச் சீட்டாடுவார்கள். ஜோடி ஜோடியாகத்தான் ஆட்டம்; மேசைக்கு நான்கு பேர், இரண்டு மேசை. இலையுதிர் காலத்தில் அவள் கணவன் வெண்டல், பல் மருத்துவமனையின் வரவேற்பறைப் பெண்ணோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். எட்டு ஏழாயிற்று. இந்த மாதம் மார்லிஸின் முறை.

"உனக்கெதுக்குடி சிரமம்?" என்றாள் லவோன். "இந்தத் தடவை எங்க வீட்லயே வச்சுக்கலாம்னு கோர்டி சொல்றார். நீ ரெஸ்ட் எடு."

"புருஷன்தானே போனான், காலா போச்சு?"

"அதுக்கில்ல. ஆள் கணக்கு இடிக்குதே."

"என் முறை. ஏழு மணிக்கு வந்துருங்க."

தைரியமாகத்தான் பேசினாள். போனை வைத்ததும், பிழிந்து முடித்த பழத்தையே மறுபடி பிழிந்தாள். இருபது வருஷமாக அவளுக்கு இந்த ஊரில் சிநேகிதம் என்றால் அந்த இரண்டு மேசைகள்தான். அங்கேயும் இடம் போனால் அவளைத் தேடி யாரும் கதவைத் தட்டப் போவதில்லை.

3

சீட்டாட்டத்துக்குக் காபி கொடுப்பதுதான் வழக்கம். மார்லிஸ் இந்தத் தடவை ஜின் மதுவில் எலுமிச்சைச் சாறும் ஊதாப்பூ சிரப்பும் ஊற்றி, கத்தி நுனியால் தூளை எடுத்துப் போட்டுக் கலக்கினாள். பானம் தெளிவாக இருக்க வேண்டும். பால் பட்டால் மினுக்கு மறைந்துவிடும். சும்மா வைத்தால் தூள் அடியில் படியும், கோப்பையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

(உடனே பென்சிலை எடுத்து "குறியீடு" என்று ஓரத்தில் எழுதாதீர்கள். தூள் படியும், அவ்வளவுதான்.)

வரைவைப் படித்த நண்பர் கேட்டார்: "இவ கைவினைக் கடையில தப்பான தூளை வாங்கிட்டானு வைங்களேன். 'நச்சில்லாதது'ன்னு போட்டிருக்கும், ஆனா தின்னக்கூடாது. எல்லாருக்கும் வயித்தக் கலக்கட்டும். கதைன்னா ஒரு வாந்தியாவது வேணும்ல?"

அந்தத் தவறைச் செய்கிறவர்கள் உண்டுதான். எழுதியும் பார்த்தேன்: கோர்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு—

அடித்துவிட்டேன். மினுங்க ஆசைப்பட்டவளைக் கதை தண்டித்தே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? என் மார்லிஸ் டப்பாவைத் திருப்பி, உள்ளே இருப்பதையெல்லாம் படித்துப் பார்த்துத்தான் வாங்கினாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

4

ஆறு பேரும் வந்தார்கள். லவோன் கையோடு பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தாள். கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கே," என்றாள். இந்த ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

கோர்டி ஒரே மடக்கில் குடித்துவிட்டு மின்னும் மீசையைத் துடைத்தான். "நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு குடு, மார்லிஸ்."

லவோனுக்குப் பொறுக்கவில்லை. "வெண்டல் போனதுக்கா இவ்வளவு கொண்டாட்டம்?"

"இல்லடி. நான் இருக்கறதுக்கு."

லவோன் உட்காராமலே கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். "மனசுல வச்சுக்காத. அடுத்த மாசத்துலேர்ந்து என் தங்கச்சியும் அவ புருஷனும் வராங்க. எட்டு சரியாயிரும்."

மார்லிஸ் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். அந்த எட்டில் அவள் இல்லை. முகம் சுட்டது. வழக்கமான தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சீட்டைக் குலுக்கினாள்.

"ஒருத்தரை மட்டும் கூட்டிட்டு வா, லவோன். ஒரு இடம்தான் காலி."

5

இனி முடிவு. ஒன்று, லவோன் அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொள்ளலாம். இது வாழ்த்து அட்டை. இன்னொன்று, ஆறு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப, மார்லிஸ் தனியே மீதிக் கோப்பைகளை—

மாட்டேன். மறுபடி ஜன்னலோரமா?

மார்லிஸ் எழுந்திருக்க மாட்டாள். என் கையில் இருப்பது அது ஒன்றுதான், அதை எழுதிவிட்டேன். லவோன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் உட்காருவாளா, மாட்டாளா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன், ஆள் கணக்கு இடிக்கிறது என்று உங்கள் வீட்டு விருந்துக்கு நீங்கள் கூப்பிடாமல் விட்டவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.