முன் சக்கரத்தில் ஒரு தொம்

ஜம்புலிங்கம் வாங்கிய பழைய ஃபியட் காருக்கு, வாங்கின நாள் முதல் இல்லாத வியாதி இல்லை. ஆனால் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை பக்கத்திலிருக்கும் பாடி வரைக்கும் போய்த் திரும்பும்போது வந்த சத்தம் புதுசு. முன் சக்கரத்திலிருந்து தொம், தொம், தொம் என்று அளவு தப்பாமல் வந்தது. வேகத்தைக் கூட்டினால் தாளமும் கூடியது. கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக உருள விட்டுப் பார்த்தார். அப்போதும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் புஷ்பாவுக்கு வேப்பம்பட்டில், மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தம். "எதுக்கு செரமம், ரயிலுதான் கீதே" என்று சம்பந்தி செங்கல்வராயன் சொன்னதற்கு, "நாங்க கார்ல வந்துடுவோம், சொந்தக்காரங்களுக்கு வேன் சொல்லிட்டேன்" என்று இவர் மார் தட்டிவிட்டு வந்திருந்தார். டயர் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்டர் என்று சொல்லித்தான் சம்பந்தமே பேசியது. அவர் மகள் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் இறங்குவதா?

டயர் கம்பெனி என்று அவர்தான் சொல்வார். தேய்ந்துபோன டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து விற்கிற ஷெட் அது. அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைசிச் சந்தில் இருந்தது. ஒட்டின ரப்பர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சுத்தியால் தட்டிப் பார்த்து, சரியென்றால் வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்ற தன் நம்பரைப் போட்டு அனுப்புவது ஜம்புலிங்கத்தின் வேலை. "ஏழு போட்ட டயர கண்ண மூடிக்கினு மாட்டலாம்" என்று ஊரெல்லாம் சொல்வார். அவர் குடியிருந்த காலனியில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் அவர் மூலமாகத்தான் டயர் வாங்கினார்கள். வாங்காதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் போகமாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலனி ஆண்கள் பாதிப் பேர் காரைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு சாமான் செய்கிற கம்பெனியில் இருந்தவர்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் எதிரில் அவன் கம்பெனிச் சாமானைக் குறை சொல்லக்கூடாது. அவன் மச்சானைக் குறை சொல்லலாம், சாமியைக்கூடச் சொல்லலாம், சாமானைச் சொல்லக்கூடாது.

மதுரைவீரன் பேரிங் கம்பெனிக்காரன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். "பேரிங் கல்லு மாதிரி கீது அண்ணாத்தே. எங்க பேரிங்காச்சே! பிரேக்காண்டதான் இன்னாவோ இடிக்குது" என்றான்.

டேவிட் பிரேக் லைனிங் கம்பெனிக்காரன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, டிரம்மைத் திறந்து, ஊதி, துடைத்து, மறுபடி மூடினான். "லைனிங்கு நேத்து போட்டா மாதிரி கீது. ஸ்டீரிங் பக்கம் பாருங்கண்ணே, அங்கதான் கோளாறு" என்றான். ஸ்டீரிங் கம்பெனிக்காரன் யாரும் அந்தக் காலனியில் குடியில்லாததால் பழி ஸ்டீரிங்கிலேயே நின்றுவிட்டது.

டயரை மட்டும் ஒருத்தனும் பார்க்கவில்லை. கழற்றின சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு டேவிட் அரைமணி நேரம் ஸ்டீரிங்கைப் பற்றிப் பேசினான். ஜம்புலிங்கமும் பெரிய மனுஷனாகத் தலையாட்டினார். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, ஸ்டீரிங்கில் நன்றாக இருந்த சாமானையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். கார் பழைய தாளத்தையே வாசித்தது.

திரும்பி வரும் வழியில் காற்றுப் பிடிக்கலாம் என்று தாயம்மாள் பஞ்சர் கடையில் நிறுத்தினார். புருஷன் போனபிறகு கடையைத் தானே நடத்துகிறவள் அவள். எந்தக் கம்பெனிக்காரனையும் கும்பிட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. கார் வந்து நிற்பதற்குள் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, டயரு உப்பிக்கினு கீது, இத்த ஓட்டிக்கினு வர?"

"டயரா? ஸ்டீரிங்மா அது."

தாயம்மாள் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாள். டயருக்கு ஒட்டினாற்போல் ஒரு ஸ்பானரை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வந்து ஸ்பானரை இடித்தது. தொம்.

"ஒட்டுன ரப்பர் உள்ள உட்டுப்போச்சு. இன்னும் கொஞ்சம் தூரம் வேகமா போனீனா பட்டையா கயண்டுக்கும், வண்டி எங்க போயி உருளும்னு சொல்ல முடியாது. இத்த பாஸ் பண்ணவன் எவன்? கண்ணு அவிஞ்சவனா?" என்று ஈரத் துணியால் டயரின் பக்கத்தைத் துடைத்தாள். வெள்ளைப் பெயிண்டில் ஏழு. அதன் கீழே மே முப்பது.

மே முப்பது, மாதத்தின் கடைசி வேலைநாள். மாதக் கணக்கில் நாற்பது டயர் குறைகிறது என்று மானேஜர் பின்னாலேயே நின்றார். மத்தியானத்துக்குள் நாற்பது டயரிலும் ஏழு போட்டாயிற்று. அதில் ஒன்று இது. இன்னும் நான்கை, மகள் நிச்சயத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று, காலனி வேனுக்கு அவரே வாங்கிக் கொடுத்திருந்தார். பதினெட்டுப் பேர் அந்த வேனில் போகிறார்கள். சித்தி மகள்களோடு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறேன் என்று புஷ்பாவும் அதில்தான்.

ஜம்புலிங்கம் காருக்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேரே வேன் டிரைவரிடம் போயிருக்க வேண்டும். போனார், வாசலில் நின்றார், நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று தெரிந்த விஷயத்தையே கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். இருபது வருஷத்து ஏழு நம்பரை எப்படி ஒரே வார்த்தையில் அழிப்பது? கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொள்வதற்குச் செலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்து நின்றது. பழத்தட்டும் பூத்தட்டும் ஏறின. பெண்கள் ஏறினார்கள், புஷ்பா ஏறினாள். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு வரக்கூடிய யோசனைதான் வந்தது.

"எல்லாம் எறங்குங்க! ரயில்ல போயிக்கலாம். வேன்ல பேரிங் சத்தம் வருது" என்றார்.

வழியனுப்ப வந்து நின்ற மதுரைவீரனுக்குச் சுருக்கென்றது. "பேரிங்கா? இது எங்க பேரிங்கு அண்ணாத்தே! நானே மாட்டிக் குட்தது. சத்தம் வருதாமே சத்தம்! என் பொண்டாட்டி புள்ளைங்கள இட்டாந்து குந்தவெக்கிறேன் பாரு!" என்று ஓடினான். சொன்னபடியே மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிவந்து முன் சீட்டில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டான். பதினெட்டு இருபத்திரண்டாயிற்று. கைதட்டல் வேறு. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

ஜம்புலிங்கம் ஜரிகை வேட்டியோடு ஓடிப்போய் வேனுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துடா! பேரிங் இல்ல. டயரு. என் டயரு. நான் பாக்காமயே ஏழு போட்டேன். நாலும் அப்டித்தான்" என்று கத்தினார்.

எஞ்சின் நின்றது. இத்தோடு பேர் போயிற்று, சம்பந்தம்கூடப் போகலாம் என்று நினைத்தார். போகட்டும், பெண் இறங்கினால் போதும் என்றும் நினைத்தார்.

மதுரைவீரன் இறங்கி வந்தான். "கார் சத்தம் டயருதான்னு வெள்ளிக்கிழமையே தெரியும் அண்ணாத்தே" என்றான் மெதுவாக. டேவிட் தலையைக் குனிந்துகொண்டு, "கழட்டும்போதே கைல தட்டுப்பட்டுச்சுண்ணே" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"உங்க எதுர்க்க எப்டி சொல்றது? நாளிக்கு நீங்க எங்க பேரிங்க சொல்லமாட்டீங்களா?" என்ற மதுரைவீரன், அதைச் சொல்லிக்கொண்டே வேனின் நான்கு சக்கரத்தையும் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஜன்னல் வழியாகவே தன் குழந்தைகளை வாரி இறக்கினான்.

ஜம்புலிங்கத்தின் மனைவி ஜெகதாம்பாள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினாள்.

"எனக்கு எத்தினியோ வருசமா தெரியும்" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"ஒங்க சட்டைய தோய்க்கிறவ நான்தான? மாசம் பூரா கரி அப்பிக்கினு வரும், பிரஷ் போட்டு தேச்சாலும் போவாது. மாசக் கடைசில மட்டும் காலைல போட்டுக்கினு போன மடிப்பு கலையாம வரும். டயர கையால தொட்டுப் பாத்தவன் சட்ட அப்டியா இருக்கும்?"

புஷ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். ஜம்புலிங்கம் வேனில் கிடந்த பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாகப் போனார்.