துணையின்றி நிற்க இயலுமா

வார்டர் சிறை மருத்துவமனைக் கூடத்துக்கு வெளியே போய்த் தொப்பியை நேராக்கினார். தொந்தியை எக்கிப் பிடித்துக்கொண்டு, சிறைக் கண்காணிப்பாளர் நடப்பதைப் போலவே கைகளைப் பின்னால் கட்டியபடி மறுபடியும் உள்ளே வந்தார். நான்காம் கட்டிலில் படுத்திருந்த தையல்காரரின் முழங்கால்கள் போர்வைக்குள் துள்ளின. இடது கை கட்டில் கம்பியைத் தேடிப் போனது.

"பாத்தீங்களா, மறுபடியும்!" என்றாள் நர்ஸ்.

"நான் எங்க சிஸ்டர் எழுந்தேன்? காலுதான் எழுந்திரிக்குது." அதைச் சொல்லி முடிப்பதற்குள் தையல்காரருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

"ஐயா வந்தா எழுந்து நிக்கிறது பத்தொம்போது வருஷப் பழக்கம், லேசுல விடுமா?" என்றார் வார்டர். "ஆனா ஒண்ணுய்யா, எனக்கு வீட்டுலகூட இந்த மரியாதை கிடையாது. நான் உள்ள போனா டிவியில இருந்து ஒருத்தரும் தலையத் திருப்ப மாட்டாங்க."

தையல்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் அடங்கியதும், "இன்னொரு தடவை," என்றாள்.

ஒத்திகைக்குக் காரணம் ஒரு படிவம். சாகக் கிடக்கும் கைதியைக் கருணையின் பேரில் வீட்டுக்கு அனுப்புவதற்கான படிவம் அது. நாளைக் காலை குழு வந்து நேரில் பார்த்து அதை நிரப்பும். பதினான்காவது கேள்வி: பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலுமா? "ஆம்" என்று எழுதிவிட்டால் கோப்பு வந்த வழியே திரும்பிவிடும். போன முறை அப்படித்தான் ஆயிற்று. இரண்டு சிறுநீரகமும் போன ஒருவர், குழு வந்த நேரம் பார்த்துச் சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போய்வந்தார். இருபது நாளில் இதே கூடத்தில் இறந்தார்.

"இங்க உள்ள வர ஒரு கையெழுத்து போதும் சிஸ்டர்," என்பார் வார்டர். "வெளிய போகப் பதினேழு. செத்தா மட்டும் மறுபடியும் ஒண்ணே ஒண்ணு."

இது பொய் சொல்லிக் கொடுப்பதாகுமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஆறு நாளாகத் தையல்காரர் எழுந்து நின்றதில்லை. எடை முப்பத்தாறு கிலோ. நுரையீரலில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது. மூக்குக் குழாயில் காற்று போகும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தொரு சதவீதம். எழ முடியாதவரை எழ வேண்டாம் என்று சொல்வது பொய் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவருடைய கோப்பையும் ஒரு முறை படித்திருக்கிறாள். இரண்டு கடைகளுக்கும் பொதுவான நடையில் வண்டி நிறுத்துவதில் ஆரம்பித்த வாய்ச்சண்டை. துணி வெட்டும் கத்தரிக்கோல். குத்துப்பட்டு இறந்த பக்கத்துக் கடைக்காரருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. படித்த அன்று தையல்காரருக்கு ஊசி போடும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். தந்தை உள்ளே போனபோது அவளுக்கு இரண்டு வயது.

"சிஸ்டர், அப்பாவுக்குக் கட்டில் வாங்கிட்டேன். ஆக்சிஜன் மிஷினுக்கு பிளக் பாயின்ட் தலைமாட்டுல இருக்கணுமா, கால்மாட்டுலயா? எலக்ட்ரீஷியன் வந்து நிக்கிறாரு."

"தலைமாட்டுல," என்றாள் நர்ஸ். இன்னும் முடிவாகவில்லையே என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குக் குழு வந்தது. முன்னால் கண்காணிப்பாளர், பின்னால் டாக்டர், நடுவில் படிவத்தை அட்டையில் செருகிப் பிடித்தபடி குழுவின் தலைமை அதிகாரி. பூட்ஸ் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் விரல்கள் மட்டும் ஒரு முறை மடங்கி விரிந்தன. தையல்காரர் எழவில்லை. தூரத்தில் வார்டர் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது.

அதிகாரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். டாக்டர் பதில் சொன்னார். பதின்மூன்று முடிந்தது.

"எழுந்து நிக்கிறாரா?"

"ஏழு நாளா இல்ல சார்."

அதிகாரி பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோகும்போது வாசலிலிருந்து வார்டர், "ஐயா, அந்தம்மா வந்திருக்காங்க," என்றார்.

"எந்தம்மா?"

"இறந்தவரோட சம்சாரம்."

விடுதலை பற்றிக் கருத்துக் கேட்டு அவருக்கு மூன்று கடிதங்கள் போயிருந்தன. எதற்கும் பதில் இல்லை. நேரில் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அலுவலக அட்டையோடு அப்படியே வந்திருந்தார். "எனக்கு அரை நாள்தான் பர்மிஷன்," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் நின்றார்.

தையல்காரர் எழுந்துகொண்டிருந்தார்.

முதலில் போர்வை நழுவியது. பிறகு ஒவ்வொன்றாகக் கால்கள் தரைக்கு வந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றினார். கழுத்து நரம்புகள் கயிறாக எழும்பின. மூக்கிலிருந்த குழாய் இழுபட்டு, விறைத்து, கழன்று விழுந்தது. பிடிக்கப் போன டாக்டரின் கை பாதியில் நின்றது. தையல்காரர் நிமிர்ந்தார். கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் நின்றார்.

படுத்தே கிடந்த உடம்பு நிமிர்ந்தால் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும். அதை மறுபடி தலைக்கு ஏற்ற இதயத்துக்கு வலு வேண்டும், தசைக்கு உப்பும் சர்க்கரையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். இவரிடம் என்னென்ன இல்லை என்பது அவளுக்குத் தசமப் புள்ளி வரைக்கும் தெரியும். படித்த எதன்படியும் இது நடக்கக்கூடாது. எங்கிருந்து எடுக்கிறார்? எந்தப் பரிசோதனையிலும் தட்டுப்படாத இடம் ஒன்று உடம்புக்குள் இருக்கிறதா? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாடி பிடித்துப் பழகிய மனம் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று. நான்கு. ஐந்து.

"நான் மனசுல வெச்சிருந்த ஆளு இத விடப் பெரியவன்," என்றார் அந்த அம்மா. "உக்காரச் சொல்லுங்க."

தையல்காரரால் எழ முடிந்தது, உட்கார முடியவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. ஒன்பதாவது விநாடியில் அவள் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்து அமர்த்தினாள். குழாயை மாட்டினாள். அவர் உதடுகள் நீலமாகியிருந்தன. கண்கள் மட்டும் தரையைப் பார்த்துத் தெளிவாக இருந்தன.

அதிகாரி படிவத்துக்குத் திரும்பினார். "நான் அந்தம்மாவப் பாத்துட்டிருந்தேன். சிஸ்டர், யாரும் பிடிக்காமயா எழுந்தாரு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வார்டர் மட்டும் கூரையைப் பார்த்தார். "நீங்கதானே பிடிச்சீங்க சிஸ்டர்," என்றார் டாக்டர் மெதுவாக. கேள்வி மாதிரியும் இல்லை, சொல்லிக்கொடுப்பது மாதிரியும் இல்லை.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கடைசியில் அவள் பிடித்ததும் உண்மைதான். எங்கோ ஒரு வீட்டில் தலைமாட்டில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் காத்திருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது விநாடிகளுக்குள் தன் கையை நுழைக்க அவளால் முடியவில்லை. அந்த மனிதர் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் திரட்டிச் செய்த ஒரு காரியம் அது. அதில் பங்கு கேட்பது திருட்டு மாதிரி இருந்தது.

"அவராத்தான் எழுந்தாரு சார். ஒன்பது செகண்டு நின்னாரு. அதுக்கப்புறம்தான் நான் பிடிச்சேன்." அவள் அதிகாரியின் பேனாவைப் பார்த்தாள். "இனிமே முடியாது சார். இன்னொரு தடவ முடியவே முடியாது. அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா," என்றார் அதிகாரி. பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். எழுதவில்லை. அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"ஆட்சேபணை சொல்லத்தான் வந்தேன்." அந்த அம்மா அலுவலக அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "பஸ்ல வரும்போதுகூட ஒவ்வொரு வார்த்தையா சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்." நிறுத்தினார். "இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது. கொஞ்ச நேரம் வெளிய உக்காந்துட்டு வந்து சொல்றேன்."

"பர்மிஷன் அரை நாள்னு..." என்றார் அதிகாரி.

"இருக்கட்டும்."

அவர் வெளியே போய் நடையிலிருந்த பெஞ்சில் அமர்ந்தார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆக்சிஜன் குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிலுக்கு முன்னால், சாம்பல் நிற சிமென்ட் தரையில், தையல்காரர் நின்ற இடத்தில் வியர்வையில் பதிந்த இரண்டு பாதங்கள் இருந்தன. குதிகால், வளைவு, பத்து விரல்கள். தண்ணீர்ச் செம்போடு வந்த வார்டர் அதைப் பார்த்துவிட்டு, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் சுண்டுவிரல்கள் காய்ந்தன. பிறகு விளிம்புகள். அந்த அம்மா போன வாசலைப் பார்த்திருந்த அந்தப் பாதங்களில் குதிகால்கள் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தன.