அமைச்சர் கையால் ஒரு சான்றிதழ்

“பாருங்க, உங்க தங்கச்சி பேப்பர்ல வந்திருக்கா!” என்று அண்ணி செய்தித்தாளைச் சாப்பாட்டு மேசைமேல் விசிறியடித்தாள்.

தட்டில் கைவைத்திருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். அமைச்சரிடம் சான்றிதழ் வாங்கியபடி அவளேதான் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘சிறையிலிருந்து சமூகத்துக்கு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. திருடிய நகை, உள்ளே இருந்த நாலு வருடம், இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடம் என்று ஒன்றுவிடாமல் போட்டிருந்தார்கள்.

“நாலு வருஷமும் வெளியூர்ல வேலைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சோம். இப்ப படியிறங்க முடியல, ஆளாளுக்கு நிறுத்திக் கேக்குறாங்க. நான் எந்த முகத்தோட வெளிய போறது?”

அண்ணன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாராட்டு விழாவில் படம் வேண்டாமென்று தங்கை தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். நன்னடத்தை அலுவலர் விட்டால்தானே! “வெளிய வந்தவங்க மறுபடி உள்ள போகக்கூடாதுன்னுதானே அரசாங்கம் இவ்வளவு பாடுபடுது? உன்னப் பாத்து நாலு பேருக்கு நம்பிக்கை வரட்டும்மா” என்றார். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரே அவர்தான். அதனால் படத்துக்கு நின்றாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில், மூன்று வருடமாக விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவளோடு மடித்தவள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். மேற்பார்வையாளர் தனியே கூப்பிட்டார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார்.

“உன்மேல ஒரு குறையும் இல்லம்மா. காலையிலேருந்து ஆளுக்கொரு பூட்டு கேட்டு உயிரை வாங்குறாங்க. மேலிடத்துல உன்ன நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

“இத்தனை நாள்ல நான் ஒரு துண்டாவது எடுத்திருக்கேனா சார்?”

“இல்லம்மா. ஆனா இத்தனை நாள் யாருக்கும் தெரியாதே.”

வீடு திரும்பியபோது அவளுடைய பெட்டி வாசலருகே தயாராக நின்றது. “பேச்சு அடங்கற வரைக்கும் ஏதாவது விடுதியில இரும்மா” என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலரிடம் போனாள்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். உச்சுக்கொட்டினார். பிறகு முகம் மலர்ந்தது.

“கவலைப்படாத. புதுசா ஆறு மாசப் பயிற்சி ஒண்ணு வந்திருக்கு. சலவைத் தொழில்!”

“அதத்தானே சார் இத்தனை நாளா செஞ்சேன்?”

“வேலையில்லாதவங்களுக்குத்தான் அதுல இடம். இப்பத்தான் உனக்குத் தகுதி வந்திருக்கு” என்றவர், ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “இது உன்னப் பத்தின ஆண்டறிக்கை. விழாவுக்கு முந்தியே எழுதினது. ஒரு கையெழுத்து போட்டுடு.”

அவள் வாசித்தாள். ‘நிலையான வேலையில் உள்ளார். குடும்பத்தினரால் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளார்.’

பேனாவை வாங்கினாள். இரண்டு வரிகளையும் நிதானமாகக் கோடிட்டு அடித்தாள்.

“ஐயோ, என்னம்மா பண்ற? மேல கேப்பாங்க! மாத்தினா காரணம் எழுதணும்!”

“எழுதறேன் சார்.”

காரணம் என்ற கட்டத்தில், ‘பாராட்டு விழா’ என்று முத்துமுத்தாக எழுதினாள். கீழே கையெழுத்திட்டு, பேனாவை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள்.