நெஞ்சுக்குத் தகடு இல்லை

திருவள்ளூர் கோயில் குளத்தருகே உருவத் தகடு விற்கிற அருணாச்சலத்துக்கு, மனித உடம்பைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்தவன் எவனும் இல்லை என்று ஒரு நினைப்பு. நோவு எங்கேயோ, அந்த இடத்துக்கான தகட்டைத்தான் வாங்கிப் பெருமாள் உண்டியலில் போட வேண்டும் என்பான். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். முழு ஆள் உருவம் கேட்பவர்களை, எங்கே வலிக்கிறது என்றுகூடத் தெரியாத ஜன்மங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அறுபத்தொன்பதாம் வருஷத்துத் தை அமாவாசைக் கூட்டத்தில் யாரோ தும்மியது அவனுக்கு ஒட்டிக்கொண்டது. மூக்கு ஒழுகி, இருமி, காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் காது குடைந்தது. கடையிலிருந்தே ஒரு காதை எடுத்து உண்டியலில் போட்டான். பிறகு ஆடுசதை பிடித்துக்கொண்டு நடக்க விடவில்லை. ஒரு ஜோடிக் கால் போயிற்று. அப்புறம் வயிறு. படுத்துக் கிட என்று சொன்ன மனைவி செண்பகத்திடம், ஒவ்வொரு நோவாகத் தீர்த்துக்கொண்டு வருவதாகப் பெருமையடித்தான். இப்படி ஒரு முட்டாள் கிராக்கி தன் கடைக்கு அதுவரை வந்ததில்லை என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஒருநாள் காலை, மணவாள நகர் வீட்டிலிருந்து கோயிலுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது. கடைக்கு வந்ததும் பெட்டியைக் குடைந்தான். கை, பல், குழந்தை, பாம்புகூட இருந்தது. நெஞ்சுக்குத் தகடு இல்லை. இருபது வருஷமாக விற்கிறவனுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. செத்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தான்.

செண்பகம் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூக்கில் நுழைந்த அதே கிருமிதான் காதுக்கும் சதைக்கும் வயிற்றுக்கும் போய், இப்போது இதயத்தையும் வீங்க வைத்திருக்கிறது என்றார் டாக்டர். ஒன்றரை மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

"காது வேற, காலு வேறன்னு நீதான் பிரிச்சி வெச்சிக்கினு கீற. அந்தக் கிருமிக்கு எல்லாம் ஒரே ஊடுதான்யா," என்றாள் செண்பகம்.

பங்குனியில் கடை திறந்த அன்று, ஆரம்பாக்கத்திலிருந்து கன்னியம்மா என்று ஒருத்தி வந்து ஒரு காதும் ஒரு ஜோடிக் காலும் கேட்டாள். புருஷனுக்குச் சளிக்காய்ச்சல் வந்ததிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று என்றாள். அந்தப் புருஷன் குளத்துப் படியில் உட்கார்ந்து, ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

பழக்கத்தில் அருணாச்சலத்தின் கை காதை எடுத்துவிட்டது. எடுத்ததைத் திரும்பப் போட்டுப் பெட்டியை மூடினான்.

"தகடு அப்பறம் வாங்கிக்கலாம்மா. அவர மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

"இம்மாந்தொலவு வந்துட்டு உண்டியல்ல போடாமயா, நைனா?"

"உண்டியல் எங்கயும் போவாது. அவருதான் போயிடுவாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. இருவருமாக அவனைத் தாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், ஒன்றரை மாதம் கழித்துத் திறந்த கடையில் போணி பண்ண வந்தவளையே துரத்திவிட்டோம் என்பது அருணாச்சலத்துக்கு உறைத்தது.