அசனப் பலகை

1998 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அப்பால் உள்ள மாவிளை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. ஓட்டுக் கூரைக்குக் கீழே தெர்மோகோல் சீலிங் அடிப்பது என்று முடிவானது. அடுத்த ஞாயிறு சபையார் கை தூக்கி ஒப்புக்கொண்டால் வேலை தொடங்கும்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கமிட்டிச் செயலாளர் சத்தியநேசன், மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குறை ஒன்றுதான். பிரசங்கம் கேட்கவில்லை. கருங்கல் சுவர், உயரமான கூரை. மைக்கில் போதகர் சொல்லும் சொல் மேலே போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த சொல் ஏறிவிடும். பின்வரிசைக்கு வந்து சேருவது கூழ். ஒலிபெருக்கிகளை மாற்றிப் பார்த்தார்கள். கூழ் இன்னும் சத்தமாக வந்தது. கடைசியில் அவரே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மாதிரிப் பலகை ஒன்று வாங்கிவந்து, கமிட்டிக்கு முன்னால் விரலால் தட்டிக் காட்டினார். அது எந்தச் சத்தத்தையும் திருப்பித் தரவில்லை. கமிட்டிக்குத் திருப்தி.

அவர் மனைவி எலிசாளுக்குத் திருப்தியில்லை. அந்த ஆலயத்தில் ஆர்கன் கிடையாது. கீர்த்தனையின் முதல் அடியை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். பாடி நிறுத்தியதும் கடைசி எழுத்து கூரையில் சற்று நேரம் நிற்கும். அது இறங்கும் சமயம் பார்த்துச் சபை அடுத்த அடியை எடுக்கும். கல்யாணத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் முந்திக்கொண்டு தனியாக மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். மாவிளைக்காரர்களுக்கு அந்த இடைவெளி மூச்சு மாதிரி. அறுபது வயதுக்குப் பிறகு எலிசாளின் குரல் மெலிந்துவிட்டது. வீட்டில் பாடினால் அடுக்களை தாண்டாது, ஆலயத்தில் மட்டும் நிறைந்து வரும். எது தன்னுடையது, எது கூரையுடையது என்பது அவளுக்குத் தெரியும்.

“எனக்க தொண்டையில பாதி அந்தக் கூரையாக்கும்,” என்றாள் அன்று மதியம், மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே. “சீலிங்கு அடிச்சா பின்ன வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

“மைக்குல பாடு.”

“மைக்குல பாடினா அது எனக்க ஒச்சையா? மைக்குக்க ஒச்சை.”

“நீ பாடதுக்கு மட்டுமா கோயிலு? வசனம் கேக்காண்டாமா பிள்ளே?”

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். கேட்ட பிரசங்கத்தை ஞாயிறு முழுவதும் அசைபோடுவது அவர் பழக்கம். இப்போது அதற்கும் வழியில்லாமல், கை கழுவியதும், “இன்னைக்கு என்னவாக்கும் சொன்னாரு?” என்று அவளிடம் கேட்கிற நிலை. அவள் சுருக்கிச் சொல்வாள். புருஷன் பெண்டாட்டியை மதிக்க வேண்டும் என்று அந்தச் சுருக்கத்தில் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் நிரூபிக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அறுப்பின் பண்டிகை அசனம். சபை முழுவதும் ஆலய வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. வடித்த சோற்றைக் கொட்டி ஆறவைக்க அங்கே பெரிய தேக்குப் பலகை ஒன்று உண்டு. எட்டு மூலை, நடுவில் லேசான குழி. குழி இருப்பதால்தான் சோறு சரியாமல் நிற்கிறது, ஆகவே அசனத்துக்கென்றே செய்தது என்பது ஊர் நம்பிக்கை. காலையில் அதைக் கழுவி, குழிப்பக்கம் கீழே பார்க்க, கம்பு முட்டுக்கொடுத்துச் சாய்வாகக் காயவைத்திருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து எலிசாளும் பக்கத்து வீட்டு அம்மிணியும் வெள்ளரிக்காய் நறுக்கினார்கள்.

“நாளைக்கு நீ கை தூக்குவியா அக்கா?” என்று அம்மிணி சீண்டினாள். “அத்தான் கொண்டுவந்த தீர்மானமில்லியா?”

“உனக்க அத்தானுக்குக் காது கேக்கேல்லன்னா கோயிலுக்கு மூடி போடணுமா? காதுல மருந்து ஊத்தட்டு,” என்று எலிசாள் முணுமுணுத்தாள். “வேலைக்குப் போன காலத்திலயே நான் சொன்னது ஒண்ணும் கேட்டதில்ல. அதுக்கும் கூரையா காரணம்?”

வளாகத்தின் மறுகோடியில், கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சத்தியநேசன் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டுது பிள்ளே. ஒக்கெயும் கேட்டுது. மருந்து ஊத்துதது உள்பட.”

அம்மிணி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். எலிசாள் சிரிக்கவில்லை. வீட்டில் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாலே காதில் விழாத ஆள். எழுந்து பலகையை விட்டு விலகி நின்று, அதே குரலில் ஏதோ சொன்னாள். அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்தார். மறுபடி நிழலுக்குள் வந்து உட்கார்ந்து, “சாயங்காலம் சாயா கிடையாது,” என்றாள்.

“அதென்ன நியாயம்?” என்றது கிணற்றடி.

அவர் வாளியை வைத்துவிட்டு வந்தார். அவரும் எலிசாளும் பலகையின் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தார்கள். நான்கு மூலைகளில் துருப்பிடித்த வளையங்கள். வளையத்தைக் கண்டால் ஓவர்சியர் அடுத்துத் தேடுவது கொக்கியை. ஆலயத்துக்குள் போனார். பிரசங்க பீடத்துக்கு நேர் மேலே உத்தரங்களில் நான்கு கொக்கிகள். ஒவ்வொரு டிசம்பரும் அவற்றில் ஒன்றில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டியது அவரேதான். ஒரு நட்சத்திரத்துக்கு எதற்கு நான்கு கொக்கி என்று யாரும் கேட்டதில்லை.

“போதகருக்க தலைக்கு மேல தொங்கினதாக்கும், ஒச்சைய சபைக்குத் தள்ள. வெள்ளையடிக்க இறக்கியிருப்பாங்க,” என்றார் வெளியே வந்து. “பின்ன மைக்கு வந்திருக்கும். இது எதுக்குன்னு மறந்து போயிருக்கும்.”

“அதுக்குப் பொறவு சோறு கொட்டியிருப்பம்,” என்றாள் எலிசாள்.

அன்று சோற்றைப் பாயில் துணி விரித்துக் கொட்டினார்கள். சமையல்காரர்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் லாரிச் சங்கிலி கட்டிப் பலகை மேலே ஏறியது.

ஞாயிறன்று மைக்கை அணைக்கப் போதகருக்கு மனமில்லை. அதற்குள் சத்தியநேசன் ப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுவைத்திருந்தார். போதகர் முதலில் பழக்கத்தில் உரக்கப் பேசினார், பிறகு தானாகக் குரலைத் தாழ்த்தினார். சொற்கள் பலகைக்கு மேலே போகாமல் நேரே பெஞ்சுகளுக்கு வந்தன. வழக்கமாகப் பின்வரிசையில் தூங்குகிறவர்கள் விழித்திருந்தார்கள். பிரசங்கத்துக்குப் பிறகு எலிசாள் தன் இடத்தில் எழுந்து நின்று கீர்த்தனையை எடுத்தாள். அடி கூரைக்குப் போய் நின்றது. சபை காத்திருந்தது.

தீர்மானத்தைச் சத்தியநேசனே வாசித்தார். தன் கையைத் தூக்கவில்லை. வெயிலுக்காகச் சீலிங் கேட்ட சிலர் தூக்கினார்கள், போதவில்லை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் கேட்டார்: “பெண்டாட்டிய மதிக்கணும்னு வாரவாரம் சொல்லுதாருன்னியே, இன்னைக்கு அதப்பற்றி ஒண்ணும் இல்லியே?”

“அது கழிஞ்ச வாரத்தோட முடிஞ்சுது,” என்றாள்.

டிசம்பரில் நட்சத்திரம் கட்டக் கொக்கி காலியில்லை. வாசல் பலாமரத்தில் கட்டினார்கள்.