பழைய சுவரில் புது ஜன்னல்

கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தபோது வெளியே வழிகாட்டியின் குரல் கேட்டது. "இந்த ஜன்னல்லதான் ஒரு வணிகரோட மனைவி, கப்பலேறிப் போன புருஷனுக்காக ஆயுசு பூரா காத்திருந்தா." பயணிகள் படம் எடுத்தார்கள்.

ஜன்னலுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. என் மனைவி எழுந்து உட்கார முடியாமல் போனபோது, தெருவைப் பார்க்க வேண்டும் என்றாள். இதே கொத்தனார்தான் சுவரை உடைத்தார். அனுமதி வாங்கவில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை.

இப்போது இது பாரம்பரியத் தெரு. முகப்பு பழையபடி இருந்தால்தான் வீட்டில் பயணிகளைத் தங்கவைக்க உரிமம். ஆய்வாளர் வந்து, ஜன்னலை அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வீடு அத்தையுடையது, அதாவது என் மனைவியின் அம்மாவுடையது. மகள் போன பிறகும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. முன்னறையை வாடகைக்கு விடலாம் என்றார், சரி என்றேன். எதற்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வழிகாட்டி ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். "மூடிடாதீங்க சார். தெருவுலயே கூட்டம் இங்கதான் நிக்குது."

"நீ அளக்கிற கதைக்கு நான் வீட்டைத் திறந்து போடணுமா?" என்றார் அத்தை.

"கதை நல்லாத்தானே இருக்கு பாட்டி?"

"பாட்டியா! போடா அந்தப் பக்கம்."

கொத்தனார் சிரித்தார். "நான் உடைச்சத நானே அடைக்கிறேன். நல்ல பொழப்பு." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கட்டிலை நகர்த்தணும் தம்பி."

ஜன்னலோரம் என் மனைவி படுத்திருந்த கட்டில் அது. ஒரு முனையைப் பிடித்தேன்.

"இருங்க மாப்பிள்ளை."

அத்தை வந்து, மெத்தை இல்லாத பலகையில் படுத்தார். அந்தக் கட்டிலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"தெரு தெரியலையே."

அப்போதெல்லாம் சாயங்காலம் நான் வந்ததும் என் மனைவி, தெருவில் யார் யார் போனார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள்.

"நின்னு பார்த்து வச்ச உயரம்மா அது," என்றார் கொத்தனார் மெதுவாக.

"என்னதான் தெரியுது அத்தை?"

"எதிர்வீட்டு ஓடு. கொஞ்சம் வானம். ஒரு பூனை வருது." அவர் எழுந்திருக்கவில்லை.

"கலவை காயுது தம்பி."

வெளியே அடுத்த கூட்டம் வந்து நின்றது. வழிகாட்டி தொண்டையைச் செருமினான். அத்தை பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குவளையை எடுத்து, கலவையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.